எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரி

ஒவ்வொரு நாள் காலையும் கணினியைத் திறந்ததும், நேற்று மாலைவரை தன்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு ஃபெமினா தன்னை மறுபடியும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அது ஏஐ உதவியாளர். சொன்னால் நிரல் எழுதும், பிழை தேடும், எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. ஆனால் ஓர் உரையாடலை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தால் அதற்கு ஒன்றும் நினைவிருக்காது. யாருக்காக எழுதுகிறோம், போன வாரம் எதை மாற்றினோம், எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுத்தோம், எல்லாம் போயிருக்கும்.

அதனால் ஒவ்வொரு வேலைக்கும் அவள் ஒரு குறிப்புக் கோப்பு வைத்திருந்தாள். உதவியாளர் தொடங்கும்முன் அதைப் படிக்க வேண்டும். முடிக்கும்போது அன்று செய்ததை அதன் கடைசியில் எழுத வேண்டும். மறுநாள் வருவது அதைப் படித்துவிட்டு, ஏதோ பல வருடப் பழக்கம்போலப் பேசும்.

"உன்ற ஆளு எந்திரிச்சாச்சா?" என்பார் அவள் கணவர் ஜெரால்டு, பட்டறைக்குக் கிளம்பும்போது. கணபதியில் அவர்கள் குடியிருக்கும் அதே தெருக்கோடியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். "இன்னைக்கு உன்னை யாருன்னு கேட்டானா?"

"ஃபைலப் படிச்சுட்டிருக்குதுங்க."

"நானும் ஒரு ஃபைல் எழுதி வெக்கறேன். கல்யாண நாளு, உங்கம்மாவுக்குப் புடிச்ச கறி, எல்லாம். காலைல படிச்சுட்டு எந்திரிக்கறேன்."

ஃபெமினா பி.காம். படித்தவள். படிப்பு முடிந்ததும் காந்திபுரத்தில் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு கடையில் சேர்ந்தாள். ஜவுளிக்கடை, உதிரிபாகக் கடை, கோழித்தீவனக் கடை என்று போய், கணினியில் மென்பொருளை ஏற்றிக் கொடுத்துவிட்டு வருவதுதான் வேலை. வாடிக்கையாளர் கேட்கும் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்யக் கடையில் ஆளில்லாதபோது, அவளே நிரலைத் திறந்து பார்த்தாள். எந்த வரியை மாற்றினால் எது கெடுகிறது, எதைத் திருப்பி வைத்தால் எது சரியாகிறது என்று பார்த்தே கற்றுக்கொண்டாள். பிறகு தனியாக வந்துவிட்டாள். இப்போது ஏழெட்டு வியாபாரிகளுக்கு அவள்தான் மென்பொருள் கம்பெனி. அந்தக் கம்பெனி வீட்டு முன்னறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார அவளால் முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால், கேஸை மூடினோமா என்று மறுபடி ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது, அனுப்பிய கோப்பு சரியான ஆளுக்குத்தான் போனதா என்று அவளுக்குக் கண் திறந்துவிடும். இந்தப் படபடப்பே அவளைத் தொழிலில் நம்பத்தகுந்தவளாக ஆக்கியது என்று சொல்லலாம். எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு விடமாட்டாள்.

ஆனால் ஒருமுறை விட்டாள்.

ஆனைமலைக்குப் பக்கத்தில் கிருபாசங்கர் என்பவருக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. தோப்புகளில் காய் வாங்கி, உரித்து, வெளியூர் வியாபாரிகளுக்கு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அப்பா இறந்தபிறகு தொழிலைக் கையில் எடுத்த கிருபாசங்கர், கணக்கைக் கணினிக்கு மாற்ற ஃபெமினாவைப் பிடித்தார். அவள் களத்தில் நான்கைந்து நாள் உட்கார்ந்து, வரும் காயையும் போகும் காயையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். மென்பொருள் ஒரு வருடமாக ஒழுங்காக ஓடியது.

அதற்குள் அந்த வேலையின் குறிப்புக் கோப்பு மிகவும் நீண்டுவிட்டது. கோப்பு நீளமானால் உதவியாளர் நடுவில் உள்ளதைக் கோட்டைவிடுகிறது என்பது ஃபெமினா அனுபவத்தில் கண்டது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம் அவள் அதைச் சுருக்க உட்கார்ந்தாள். இரண்டு முறை சொன்னதை எடுத்தாள். முடிந்துபோன விஷயங்களை எடுத்தாள். எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதி வைக்க வேண்டும் என்று அப்படிப்பட்ட வரிகளையும் எடுத்தாள். கோப்பு பாதியாகக் குறைந்தது. வீட்டை ஒழித்துப் பெருக்கியதுபோல அவளுக்கு நன்றாக இருந்தது.

சில வாரம் கழித்து கிருபாசங்கர் போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், ஒரு சந்தேகமுங்க. கம்ப்யூட்டர்ல காட்டற காயி களத்துல இல்லீங்க."

"எவ்வளவு கொறையுதுங்க?"

"மொதல்ல கொஞ்சந்தான் கொறைஞ்சுது. சரி, அழுகல்ல போயிருக்கும்னு உட்டுட்டேன். இப்ப ஒரு லாரி லோடுக்கு மேலயே வருதுங்க." சற்று நிறுத்தினார். "கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுமுங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றாள். உதவியாளரைக் கேட்டாள். அது குறிப்புக் கோப்பைப் படித்தது, நிரலைப் பார்த்தது, இருப்புக் கணக்கு சரியாகவே இருக்கிறது, ஏற்கனவே சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்றது. ஃபெமினா பத்து பில்லை எடுத்துத் தானே கூட்டிப் பார்த்தாள். பில்லில் போன காயும் இருப்பில் கழிந்த காயும் ஒன்றாகவே இருந்தன.

"கணக்கு சரியாத்தானுங்க இருக்குது" என்றாள்.

"அப்பச் சரிங்க" என்றார் கிருபாசங்கர். அந்தக் குரலில் ஏதோ முடிவாகிவிட்டது அவளுக்குக் கேட்டது. அது என்னவென்று அடுத்த முறை களத்துக்குப் போனபோதுதான் புரிந்தது.

பிரிண்டர் பழுது என்று போயிருந்தாள். களத்தின் மேஸ்திரி பாலுசாமி. லாரியில் ஏறும் ஒவ்வொரு காயையும் எண்ணுவது அவர் வேலை. கொட்டகைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும். அன்று அது கிருபாசங்கரின் அம்மா ராசாத்தாளின் சேலை முந்தானையில் முடிந்திருந்தது. உரிப்பவர்கள் டீ குடிக்கும்போது பாலுசாமி தனியாக ஒரு மட்டைக் குவியலில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "வாங்க", "போங்க", "சாப்புட்டீங்களா" எல்லாம் வழக்கம்போலவே நடந்தன. ஆனால் அவர் கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் இன்னொருவருக்கும் அங்கே ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

"வா கண்ணு, மோரு குடி" என்றார் ராசாத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "வர்ற அமாவாசைக்கு மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசப் போறேன். நம்ம பொருள எடுத்தவங்க யாரா இருந்தாலும் ஒடம்பெல்லாம் எரியட்டும்" என்றார்.

"யாருன்னு தெரியுமுங்களா?"

"நான் எதுக்குக் கண்ணு ஒருத்தர் பேரச் சொல்றேன்? அம்மனுக்குத் தெரியாதா?"

ஆனைமலையில் அது வழக்கம். பொருளைப் பறிகொடுத்தவர்களும் அநியாயம் செய்யப்பட்டவர்களும் மாசாணியம்மன் கோயிலுக்குப் போய், அங்கிருக்கும் கல்லில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். தப்பு செய்தவர் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. பாலுசாமி பத்தடி தூரத்தில் சாக்குக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. கோணி ஊசி ஒருமுறை நின்றது, பிறகு போயிற்று.

திரும்பும் பேருந்தில் ஃபெமினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணக்கு சரி என்று சொன்னது தான்தான். கணக்கு சரியென்றால் காய் எங்கே என்ற கேள்விக்குக் களத்தில் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது. அது சாவி வைத்திருந்தவர்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி கேட்டாள். புதிய உரையாடல், அதே விடை. மறுநாள் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள். இருப்பில் கழிவது ஏன் குறைவாக விழக்கூடும்? அதற்கு வாய்ப்பில்லை, குறிப்பின்படி இந்தப் பகுதி சரிபார்க்கப்பட்டது. கோபமாகக் கேட்டாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதையே சொன்னது. சோறு வடிக்கும்போது ஏதோ தோன்றி ஓடிவந்து கேட்டாள், அதற்குள் சோறு குழைந்தது. எத்தனை பேரைக் கேட்டாலும் ஒரே பதில் வந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். பிறகு, எல்லாரும் ஒருத்தரே என்றும் நினைத்தாள்.

அமாவாசையன்று காலை ஜெரால்டு இட்லியைத் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் தின்றுகொண்டிருந்தார். சட்னி அரைக்க மறந்திருந்தாள்.

"ஏங்க, பாலுசாமியண்ணன் எடுத்திருப்பாருங்களா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? உன்ற ஆளு என்ன சொல்றான்?"

"சரிபார்த்தாச்சுன்னு சொல்லுது. ஃபைல்ல அப்பிடித்தான் இருக்குதாம்."

"ஃபைல்ல யாரு எழுதுனது?"

"அதுதான்."

ஜெரால்டு சிரித்தார். "நல்லாருக்குதே! அவனே எழுதி வெப்பான், அவனே படிப்பான், படிச்சுட்டு உனக்கே சாட்சி சொல்லுவான். எங்க பட்டறைல ஒருத்தன் இருந்தான். மோட்டர் ஓடுதான்னு கேட்டா, ஓடும்னு நேத்தே சொன்னனேங்கண்ணா அப்பிடிம்பான்."

ஃபெமினா எழுந்து போய், குறிப்புக் கோப்பை அந்த வேலையிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தாள். புதிய உரையாடலைத் திறந்தாள். இப்போது அதற்கு ஒன்றுமே தெரியாது. களம் தெரியாது, தேங்காய் தெரியாது, எது சரிபார்க்கப்பட்டது என்று தெரியாது. இருப்பைக் கழிக்கும் நிரல் வரிகளையும், களத்துக்குப் போனபோது எடுத்து வைத்திருந்த, லாரி ஏற்றும்போது பாலுசாமி கையால் எழுதும் சீட்டுகள் சிலவற்றின் படங்களையும் கொடுத்து, இரண்டும் பொருந்துகிறதா என்று கேட்டாள்.

அது ஒரு கேள்வி கேட்டது. சீட்டில் பில் எண்ணிக்கைக்குக் கீழே ஒவ்வொரு முறையும் இன்னொரு சிறிய எண் இருக்கிறது. அது என்ன?

ஃபெமினா சீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அது லாபக்காய். அந்தப் பக்கத்துத் தேங்காய் வியாபாரத்தில் எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் காய் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும், பில்லில் வராது. ஆனால் லாரியில் ஏறிப் போய்விடும். களத்தில் கூடை தூக்குபவருக்கும் தெரியும். லாரி டிரைவருக்கும் தெரியும். ஃபெமினாவுக்கும் தெரியும். முதல் தடவை எழுதும்போதே பில் காயோடு லாபக்காயையும் சேர்த்து இருப்பில் கழிக்கும்படி எழுதியிருந்தாள். குறிப்புக் கோப்பிலும் அது ஒரு வரியாக இருந்தது. மழை மதியத்தில், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அவள் எடுத்த வரிகளில் அதுவும் ஒன்று.

பழைய பதிவுகளைத் தோண்டினாள். வரியை எடுத்த மறுவாரம், பில் அச்சாகும் வடிவத்தை மாற்றச் சொல்லியிருந்தாள். அன்றைய உதவியாளர் அதைச் செய்துவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றையும் கண்டிருக்கிறது. பில்லில் இருப்பதைவிட அதிகமாக இருப்பில் கழிகிறது, இது பிழையாகத் தெரிகிறது என்று அதைத் திருத்தி, பில்லோடு பொருத்திச் சரிபார்த்தும்விட்டு, அப்படியே கோப்பில் எழுதியிருக்கிறது. அந்தச் சுருக்கத்தைப் படித்து 'சரி' என்று தட்டியது ஃபெமினா. அவளுக்கு அது நினைவுகூட இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு லாரிக்கும் லாபக்காய் களத்தைவிட்டுப் போனது, கணினியை விட்டுப் போகவில்லை.

கிருபாசங்கருக்குப் போன் செய்து சொன்னாள்.

"அப்ப யாரும் எடுக்கலீங்களா?"

"யாரும் எடுக்கலீங்க. நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். அம்மா கோயிலுக்குக் கெளம்பிட்டாங்களா?"

"அம்மா இன்னும் கெளம்பலீங்க." கிருபாசங்கரின் குரல் இறங்கியது. "பாலுசாமியண்ணந்தான் கொஞ்சம் முன்னாடி போயிட்டாருங்க. கடையில மொளகா வாங்கிட்டுப் போனாருன்னு லோடு ஏத்தற பையன் சொன்னான். எங்களுக்குத்தானுங்க அரைப்பாரு."

"நீங்க போயிச் சொல்லுங்க. நானும் வாரேன்."

சேலையைக்கூட மாற்றவில்லை. டவுன் பஸ்ஸில் காந்திபுரம், அங்கிருந்து உக்கடம், உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ். உட்கார இடம் கிடைத்தும் கிணத்துக்கடவு வரை நின்றுகொண்டே போனாள். பாலுசாமியின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். மணி போயிற்று, எடுக்கவில்லை. தான் கும்பிடாத தெய்வம் தன்னை என்ன செய்யும் என்று ஒரு பக்கம் மனம் சொல்லிற்று. தப்பு செய்தவர் உடம்பு எரியும் என்று சொன்னார்களே தவிர, எந்த மதத்துக்காரர் என்று யாரும் சொல்லவில்லையே என்று இன்னொரு பக்கம் சொல்லிற்று. ஜன்னலோரம் வெயில் பட்ட கையை இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அமாவாசைக் கூட்டத்தில் கோயில் தெரு நிறைந்திருந்தது. பைக் நிறுத்தும் இடத்தில் கிருபாசங்கர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார்.

"உள்ள போகலீங்களா?"

"எப்பிடிங்க போறது? எம்பேரச் சொல்லி அரைச்சுட்டிருந்தாருன்னா?"

"சொன்னா நிறுத்திருவாருங்க."

"நான் சொன்னா நம்புவாருங்களா? பயந்துட்டு வந்து சொல்றேன்னு நெனைப்பாரு. நீங்களே போங்க மேடம். நீங்க எங்க ஆளும் இல்ல, அவரு ஆளும் இல்ல."

ஃபெமினா செருப்பை ஓரத்தில் விட்டுவிட்டு உள்ளே போனாள். இந்துக் கோயிலுக்குள் போவது அவளுக்குப் பழக்கமில்லை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல், மிளகாய்க் காரல் மூக்கில் ஏறும் பக்கமாகப் போனாள். அரைக்கும் இடத்தில் பெண்களும் ஆண்களுமாக, மணிக்கணக்கில் காத்திருக்கும் வரிசை நின்றது. இருமிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் நின்றார்கள். பாலுசாமி கல்லுக்கு வந்துவிட்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருந்தார். மிளகாய் பாதி மசிந்திருந்தது.

"ஏனுங்க, நிறுத்துங்க."

நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. காரலாலா அழுகையாலா என்று சொல்ல முடியவில்லை.

"அம்மணி, நீங்க எங்கீங்க இங்க?"

"காயி யாரும் எடுக்கலீங்க. லாபக்காய கம்ப்யூட்டர் கழிக்காம உட்டிருச்சு. அத எழுதி வெச்சிருந்தேன், நானே எடுத்துப்போட்டேன். அதுக்கப்புறம் கிருபாசங்கர் கேட்டப்ப, கணக்கு சரின்னும் நான்தான் சொன்னேன். உங்க மேல சந்தேகம் வந்தது என்னாலதானுங்க."

பின்னால் நின்ற ஒரு பெண், "ஏனுங்க, பேசறதுன்னா அந்தப் பக்கம் போயிப் பேசுங்க, கல்லு வேணும்" என்றாள்.

பாலுசாமி நகரவில்லை. கல்லில் இருந்த சிவந்த விழுதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு சொல்லி அரைக்கலீங்க அம்மணி. மொதலாளி பேரச் சொல்ல மனசு வரல. யாரு எனக்கு இப்பிடிச் செஞ்சாங்களோ அவங்களுக்குன்னுதான் அரைச்சேன்."

"அது நான்தானுங்க."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சப்புறம் எப்பிடீங்க பூசறது? ஓடியாந்து எம்முன்னால நிக்கறீங்க."

விழுதை வழித்து இலையில் வைத்து, கல்லுக்கு ஓரமாக விட்டுவிட்டு, கை கழுவப் போனார். பின்னால் நின்ற பெண் அந்த இலையைக் காட்டி, "வேண்டாம்னா நானு எடுத்துக்கட்டுங்களா? என்ற நகைய எடுத்தவனுக்கு இன்னுங் கொஞ்சம் வேணும்" என்றாள். ஃபெமினா பாலுசாமி போன பக்கம் நடந்தாள்.

வெளியே வந்ததும் கிருபாசங்கர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "வாங்கண்ணா, ஊட்டுக்குப் போலாம். கணக்கத் திருத்திப்போட்டாப் போச்சு. இன்னைக்கே சாவிய வாங்கிக்குங்க."

"வேண்டாமுங்க" என்றார் பாலுசாமி.

"ஏனுங்கண்ணா?"

"கம்ப்யூட்டர் சொல்லித்தான் கெட்டவனானேன். அதே கம்ப்யூட்டர் சொல்லி நல்லவனாக வேண்டாமுங்க. களத்துல இருக்கற காய அத்தனையும் எண்ணுங்க. நான் எண்ண மாட்டேன். உரிக்கறவங்க எண்ணட்டும். எல்லாரும் இருக்கோணும்."

மறுநாள் எண்ணினார்கள். ஃபெமினா மீண்டும் வந்திருந்தாள். வராமல் வீட்டில் இருந்திருக்க அவளால் முடியாது. திருத்திய கணக்கை அச்செடுத்து மடித்துக் கையில் வைத்திருந்தாள். எண்ணி முடியும்வரை யாருக்கும் காட்டக்கூடாது என்று பாலுசாமி சொல்லியிருந்தார். குவியல் குவியலாகக் காய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. நூறு முடியும்போதெல்லாம் ஒருவர் உரக்கச் சொன்னார், இன்னொருவர் சுவரில் கரிக்கோடு போட்டார். ராசாத்தாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபெமினா கொட்டகைக்கும் களத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். லாபக்காய் மட்டுமே காரணம் என்று தான் சொன்னதும் தப்பாகிவிட்டால் என்ற நினைப்பு அவளை உட்காரவிடவில்லை. பாலுசாமி வேப்பமரத்தடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

எண்ணி முடித்ததும் தாளைப் பிரித்தாள். சுவரில் இருந்ததும் தாளில் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. சுவர்க்கணக்கில் சில கூடை மட்டும் குறைந்தது. அது ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த அழுகல் குவியல் என்று எண்ணியவர்களே சொன்னார்கள்.

கிருபாசங்கர் பெருமூச்சு விட்டார். ராசாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குத் தானே நடந்து போனார்.

"இந்தாங்க பாலுசாமி. நாங்க உங்களை ஒரு வார்த்த சொல்லலீங்க."

"அதுதானுங்க ஆத்தா" என்றார் அவர். "சொல்லியிருந்தா நான் இல்லீன்னு சொல்லியிருப்பேனே."

"சாப்புட்டுப் போங்க" என்றார் ராசாத்தாள். பாலுசாமி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். சாப்பிடுகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

ஃபெமினா கொட்டகைக்குள் கணினி முன் உட்கார்ந்து குறிப்புக் கோப்பைத் திறந்தாள். சரிபார்க்கப்பட்டது என்று உதவியாளர் எழுதியதை எல்லாம் எடுத்தாள். இனிமேல் அந்த வார்த்தையைத் தான் மட்டுமே எழுத வேண்டும் என்று முதல் வரியாக வைத்தாள். பிறகு லாபக்காயைப் பற்றி எழுதினாள். பில்லில் வராது, இருப்பில் கழிய வேண்டும், பிழைபோலத் தோன்றினாலும் திருத்தக்கூடாது. காரணத்தையும் எழுத வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். காரணம் இல்லாத வரியை நாளைக்குத் தானே எடுத்துவிடக்கூடும். 'இதை மாற்றியதால் மேஸ்திரி பாலுசாமி மேல் திருட்டுச் சந்தேகம் வந்தது' என்று தட்டினாள்.

பாலுசாமி பின்னால் வந்து நின்றிருந்தார். திரையில் இருந்ததை மெதுவாக, வாய்க்குள் படித்தார்.

"இத யாருங்க படிப்பாங்க?"

"அந்த ஏஐ படிக்குமுங்க. ஒவ்வொரு தடவ வேல தொடங்கறப்பவும்."

"ஒவ்வொரு தடவயுமா?"

"ஆமாங்க. இல்லீன்னா மறந்துபோகும்."

"அப்ப அது இருக்கற வரைக்கும் எம்பேரயும் திருட்டையும் ஒண்ணாச் சேத்துப் படிச்சுட்டே இருக்கும்." அவர் குரல் உயரவில்லை. "எடுத்துப்போடுங்க அம்மணி."

"காரணம் எழுதலீன்னா மறுபடியும் மாத்திப்போடுமுங்க. உங்களுக்கு நல்லதுக்குத்தான்..."

"காரணம் நானுங்களா?"

வேண்டுமானால் 'ஒருவர் மேல்' என்று எழுதட்டுமா என்று கேட்டாள்.

"இந்தக் களத்துல அந்த ஒருத்தரு யாருன்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க."

வரி முழுவதையும் அழித்தாள். அதே இடத்தில் வேறொன்றைத் தட்டினாள். 'காரணம்: இது எல்லோருக்கும் தெரியும் என்று ஃபெமினா எழுதாமல் விட்டாள். உதவியாளர் மாற்றியபோது படிக்காமல் சரி என்றாள். காய் குறைந்து முதலாளி கேட்டபோதும் கணக்கு சரி என்று சொன்னாள். அது தவறு.'

"இது போதுமுங்களா?"

பாலுசாமி இரண்டு முறை படித்தார். "உங்களுக்குப் பரவாயில்லீங்களா?"

அவள் புதிய உரையாடலைத் திறந்து, லாபக்காயை ஏன் இருப்பில் கழிக்கிறோம், அதை நீக்கிவிடலாமா என்று கேட்டாள். உதவியாளர் கோப்பைப் படித்தது. நீக்கக்கூடாது என்றது. ஃபெமினா என்பவர் இதை எழுதாமல் விட்டதால் முன்பு தவறு நேர்ந்தது என்றும், மாற்றங்களைப் படிக்காமல் ஏற்றுக்கொண்டார் என்றும், ஆகையால் இந்தப் பகுதியில் கூடுதல் கவனம் தேவை என்றும் வரிசையாகச் சொன்னது. கேட்பது அவள்தான் என்று அதற்குத் தெரியாது.

"உங்களைத் திட்டுதுங்களா?" என்றார் பாலுசாமி.

"இல்லீங்க. மரியாதையாத்தான் சொல்லுது."

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்புபோல ஒன்று வந்தது. வெளியே லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

ஃபெமினா அந்த உரையாடலை மூடினாள். இன்னொன்றைப் புதிதாகத் திறந்து, அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.